"எர்த் அடிக்கிறது" என்றால் என்ன பொருள்?

"அடுப்பிலே எர்த் அடிக்குதுடா, செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொடு!"

மின்சார அடுப்பு வைத்திருக்கும் வீடுகளில் இந்த எச்சரிக்கையை நீங்கள் ஒரு முறையேனும் கேட்டிருப்பீர்கள். சில வீடுகளில் அடுப்பின் முன்னால் ஒரு மணைப்பலகை நிரந்தரமாகக் கிடக்கும். அதன்மேல் நின்றுகொண்டுதான் சமையல் நடக்கும். "லேசாத்தான் அடிக்குது, பழகிப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்களும் உண்டு.

மாணவ நண்பர்களே! இந்தச் சொற்றொடரைச் சற்று நிறுத்தி ஆராய்ந்து பாருங்கள். 'எர்த்' என்பது நம்மைக் காப்பதற்காக வைக்கப்பட்ட கம்பி. அது எப்படி நம்மை அடிக்கும்? உண்மையில் எர்த் ஒழுங்காக இல்லாத இடத்தில்தான் அடுப்பு 'அடிக்கும்'. "எர்த் அடிக்கிறது" என்று நாம் சொல்வதன் சரியான பொருள் "இந்த அடுப்புக்கு எர்த் இல்லை" என்பதே. அந்த 'லேசான' அதிர்ச்சி எவ்வளவு பெரிய ஆபத்தின் முன்னறிவிப்பு என்பதை, பத்தாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் ஓம் விதியைக் கொண்டே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

நிலக்கரியிலிருந்து அடுப்புக்கு

கடலூர் மாவட்டத்தில், நெய்வேலி நகரியத்தை ஒட்டி இருக்கும் ஊர் மந்தாரக்குப்பம். இங்கே மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று எந்தச் சிறுவனும் கேட்பதில்லை. நிமிர்ந்து பார்த்தால் இரண்டாம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். 1956ஆம் ஆண்டு நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் தொடங்கப்பட்டது. 1962இல் முதல் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 58 ஆண்டுகள் உழைத்த அந்த நிலையம் 2020இல் மூடப்பட்டது. பின்னர் வந்த இரண்டாம் அனல் மின் நிலையம் 210 மெகாவாட் திறனுள்ள ஏழு அலகுகளைக் கொண்டது.

சமையல் எரிபொருளும் இந்த மண்ணிலிருந்து நேராகவே கிடைத்த காலம் ஒன்று இருந்தது. பழுப்பு நிலக்கரியைக் கட்டிகளாக அழுத்தி, காற்றுப் படாமல் சூடேற்றி 'லெக்கோ' என்ற கரியைத் தயாரித்தார்கள். புகை குறைந்த அந்தக் கரி பல வீட்டு அடுப்புகளில் கனன்றது. அந்த ஆலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது அதே நிலக்கரி மின்சாரமாக மாறி, கம்பி வழியாக அடுப்புக்கு வருகிறது.

ஒரு சிறு கணக்கு. நெய்வேலி நிலக்கரி ஒரு கிலோ எரிந்தால் வெளிவரும் வெப்ப ஆற்றல் ஏறக்குறைய 3 யூனிட். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே மின்சாரமாக மாறுகிறது. எனவே ஒரு கிலோ நிலக்கரிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் என்று வைத்துக்கொள்ளலாம். 2000 வாட் அடுப்பு அரை மணி நேரம் எரிந்தால் செலவாவதும் ஒரு யூனிட். ஆக, நீங்கள் அரை மணி நேரம் சாம்பார் கொதிக்க வைக்கும்போது எங்கோ ஓர் உலையில் ஒரு கிலோ நிலக்கரி எரிந்து தீர்கிறது!

இவ்வளவு ஆற்றல் ஒரு சிறு பிளக்கின் வழியாக வீட்டுக்குள் நுழைகிறது. அந்தப் பிளக்கில் மூன்று கால்கள் இருக்கின்றன. அவற்றின் வேலை என்ன?

மூன்று கம்பிகளின் கதை

மின்னோட்டம் ஒரு சுற்றுப் பயணி. புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வழி இருந்தால்தான் அது புறப்படவே செய்யும். உங்கள் தெருவுக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மர்தான் அது புறப்படும் இடம். அங்கிருந்து வீட்டுக்கு வரும் கம்பி 'பேஸ்'. திரும்பிச் செல்லும் கம்பி 'நியூட்ரல்'. இந்த இரண்டுக்கும் இடையே 230 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். அடுப்பு வேலை செய்ய இந்த இரண்டு கம்பிகளே போதும்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் முனையை மண்ணில் புதைத்த தகட்டோடும் குழாயோடும் இணைத்திருப்பார்கள். எனவே மின்னோட்டத்துக்குத் திரும்பிச் செல்ல இன்னொரு வழியும் உண்டு. அது நாம் நிற்கும் தரை! பேஸ் கம்பியைத் தொட்டுக்கொண்டு தரையில் நிற்பவர், அறியாமலே அந்த இரண்டாவது வழியில் ஒரு கண்ணியாகிவிடுகிறார்.

அடுப்பின் உள்ளே இருக்கும் கம்பியின் காப்புறை வெப்பத்தில் கருகி, பேஸ் கம்பி அடுப்பின் உலோக உடலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு வழக்கம்போல் எரியும். வெளியே எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் அதன் உடல் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். அப்போது மின்னோட்டம் மனிதன் வழியாகப் போகாமல் வேறு வழியில் போவதற்காகத்தான் மூன்றாவது கம்பி இருக்கிறது. ஒரு முனை அடுப்பின் உடலிலும், மறுமுனை மண்ணிலும் இணைந்த கம்பி. அதுவே எர்த்.

பிளக்கில் எர்த் கால் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செருகும்போது அது முதலில் தொடவேண்டும். பிடுங்கும்போது கடைசியில் விலகவேண்டும். காவற்காரன் முதலில் வந்து கடைசியில் போகிறான். அது தடிமனாக இருப்பதால் தவறிக்கூட மற்றத் துளைகளில் நுழையாது.

முதலாண்டு மாணவர்களிடம் இந்தக் கேள்வியை நான் ஆண்டுதோறும் கேட்பதுண்டு. எல்லாரும் சரியாகவே பதில் சொல்வார்கள். "உங்கள் வீட்டு அடுப்பங்கரைப் பிளக்கின் பெரிய துளைக்குப் பின்னால் கம்பி இணைக்கப்பட்டிருக்கிறதா?" என்பது அடுத்த கேள்வி. வகுப்பறை அமைதியாகிவிடும்.

'லேசாக' அடிப்பது ஏன்?

அடுப்பின் உடல் 230 வோல்ட்டில் இருக்கிறது. இருந்தும் தொட்டவருக்கு ஏன் 'லேசான' சுறுசுறுப்பு மட்டும் தோன்றுகிறது? ஓம் விதியைக் கேட்போம். மின்னோட்டம் என்பது மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் கிடைப்பது.

நீங்கள் காய்ந்த ரப்பர் செருப்பு அணிந்திருக்கிறீர்கள், கையும் உலர்ந்திருக்கிறது. உங்கள் உடலும் செருப்பும் சேர்ந்து ஒரு லட்சம் ஓம் மின்தடை தருவதாகக் கொள்வோம். அப்போது பாயும் மின்னோட்டம் 230 ÷ 1,00,000 = 0.0023 ஆம்பியர், அதாவது 2.3 மில்லி ஆம்பியர். சுறுசுறுவென்று உணர்வீர்கள். அவ்வளவுதான்.

இப்போது அதே அடுப்பு. அதே 230 வோல்ட். அரிசி களைந்த ஈரக்கை. தண்ணீர் சிந்திய சிமெண்டுத் தரையில் வெறுங்கால். மொத்த மின்தடை 2000 ஓமுக்கு இறங்கிவிடுவதாகக் கொள்வோம். மின்னோட்டம் 230 ÷ 2000 = 0.115 ஆம்பியர், அதாவது 115 மில்லி ஆம்பியர்.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையே என்னென்ன நிகழும்? அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் 1940களில் தன்னார்வலர்களைக் கொண்டு ஒரு துணிச்சலான ஆராய்ச்சி செய்தார். கையில் மின்கம்பியைப் பிடித்திருப்பவர் தாமாகவே அதை விட்டுவிடக்கூடிய மின்னோட்டத்தின் எல்லை என்ன என்பதே கேள்வி. ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குச் சுமார் 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். அதற்கு மேல் போனால் கைத்தசைகள் இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் விட முடியாது. "கரண்ட் பிடித்துக்கொண்டது" என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். இன்னும் கூடினால் மூச்சுத் தசைகள் இறுகும். 50 முதல் 100 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டம் ஒரு விநாடி நேரம் மார்பின் வழியே பாய்ந்தால், இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுத் தாறுமாறாக நடுங்கத் தொடங்கலாம். மரணம் இப்படித்தான் வருகிறது.

கவனியுங்கள்: நேற்று லேசாக அடித்த அடுப்புக்கும், நாளை உயிரைப் பறிக்கும் அடுப்புக்கும் யாதொரு வேறுபாடும் இல்லை. மாறியது செருப்பு மட்டுமே. லேசாக அடித்தபோதும் அடுப்பில் நின்றது முழு 230 வோல்ட்தான். மணைப்பலகை ஆபத்தை நீக்கவில்லை. நம் கண்ணுக்கு மறைத்து வைத்தது.

பியூஸ் காப்பாற்றாதா?

"ஆபத்து என்றால் பீஸ் போய்விடுமே!" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

பியூஸ் என்னும் உருகியும், இந்நாளில் அதற்குப் பதிலாக வந்துள்ள எம்.சி.பி. என்னும் தானியங்கி விசையும், அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் சுற்றைத் துண்டிக்கும். அடுப்புக்கு உரிய எம்.சி.பி. பெரும்பாலும் 16 ஆம்பியர். ஒரு மனிதனைக் கொல்லப் போதுமான மின்னோட்டமோ 0.1 ஆம்பியர். நூற்றறுபது பேரைக் கொல்லத்தக்க மின்னோட்டம் ஓடினாலும் அது இயல்பான நிலை என்றே எம்.சி.பி. நினைத்துக்கொள்ளும்! ஆகவே, பியூஸ் காப்பது கம்பியை, மனிதனை அல்ல. சுவருக்குள் இருக்கும் கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் தடுப்பதே அதன் வேலை.

எர்த் இருந்தால்? அப்போது மின்னோட்டம் எர்த் கம்பி வழியே மண்ணுக்குப் பாயும். அது 16 ஆம்பியரை வெகுவாகத் தாண்டினால் எம்.சி.பி. விழும், அடுப்பு அணையும். ஆனால் அது அவ்வளவு பாயுமா என்பது எர்த் குழியின் மின்தடையைப் பொறுத்தது.

எர்த் வழியின் மொத்த மின்தடை 2 ஓம் என்றால், பாயும் மின்னோட்டம் 230 ÷ 2 = 115 ஆம்பியர். எம்.சி.பி. விரைவில் விழுந்துவிடும். நன்று.

எர்த் வழியின் மின்தடை 50 ஓம் என்றால்? 230 ÷ 50 = 4.6 ஆம்பியர். எம்.சி.பி. அசையாது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அடுப்பின் உடலோ ஏறக்குறைய முழு மின்னழுத்தத்தில் நிற்கும். எர்த் 'இருக்கிறது'; பயன்தான் இல்லை.

50 ஓம் என்பது கற்பனையான எண்ணா? இல்லை. மண்ணில் மின்சாரத்தைக் கடத்துவது ஈரமும் அதில் கரைந்துள்ள உப்புகளுமே. நெய்வேலி, மந்தாரக்குப்பம் சுற்றுப்புறம் முந்திரி விளையும் செம்மண் மேடு. மழை நீரை விரைவில் கீழே இறக்கிவிடும் மண். சித்திரை வெயிலில் மேல்மண் காய்ந்து போனால், ஐப்பசியில் நன்றாக வேலை செய்த எர்த் குழி சோம்பிப்போகும். பெரியவர்கள் எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றச் சொன்னதன் காரணம் இதுதான். இன்று எத்தனை வீடுகளில் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்றாவது தெரியும்?

போலி எர்த்

எர்த் குழி வெட்டச் செலவாகும் என்பதால் சிலர் குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஒன்று, பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டுக் கம்பி போட்டுவிடுவது. 'நியூட்ரலும் மண்ணோடு சேர்ந்ததுதானே' என்பது அவர்கள் வாதம். எல்லாம் சரியாக இருக்கும்வரை இது வேலை செய்வது போலவே தோன்றும். ஒரு நாள் வீட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தது என்று வையுங்கள். பேஸ் கம்பியிலிருந்து அடுப்பின் சுருள் வழியாக வந்த மின்சாரம், திரும்பிப் போக வழியில்லாமல், அந்தத் துண்டுக் கம்பி வழியாக அடுப்பின் உடலுக்கு ஏறிவிடும். அடுப்பில் எந்தப் பழுதும் இல்லை. ஆனாலும் உடல் முழுதும் மின்சாரம்! அடுப்பு சூடாகவில்லையே என்று தொட்டுப் பார்ப்பவரின் கதி என்ன?

மற்றொன்று, எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடுவது. குழாய்கள் இரும்பாக இருந்த காலத்தில்கூட இது சரியான முறை அன்று. இன்றோ மண்ணுக்குள் போவது பிளாஸ்டிக் குழாய். மின்சாரம் மண்ணுக்குப் போகாமல் குழாயின் உலோகத் திருகில் வந்து காத்திருக்கும்.

சிறிய பிளக்கும் பெரிய பிளக்கும்

அதிர்ச்சி ஒரு பக்கம்; தீ மறுபக்கம். அதையும் பார்ப்போம்.

சுவரில் இரு வகை பிளக் பாயிண்டுகள் உண்டு. சிறியது 6 ஆம்பியர். பெரியது 16 ஆம்பியர். பெரியதைத்தான் 'பவர் பிளக்' என்கிறோம். 230 வோல்ட்டில் சிறியது தாங்கக்கூடிய திறன் 230 × 6 = 1380 வாட். பெரியது தாங்குவது 230 × 16 = 3680 வாட். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு எடுக்கும் மின்னோட்டம் 2000 ÷ 230 = 8.7 ஆம்பியர். அது எந்தப் பிளக்கில் செருகப்பட வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஆனால் நடப்பது என்ன? பெரிய பிளக் சிறிய துளையில் நுழையவில்லை என்றால், பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுக் கம்பியின் முனைகளைத் துளைகளில் நுழைத்து, தீக்குச்சியால் அடைத்துவிடுவார்கள். எர்த் கம்பி அங்கேயே கைவிடப்படும். அது மட்டுமா? தளர்ந்த தொடர்பு ஒன்று உருவாகிவிட்டது.

தளர்ந்த இணைப்பில் அரை ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெப்பம், மின்னோட்டத்தின் இருமடியையும் மின்தடையையும் பெருக்கினால் கிடைக்கும் என்பது ஜூல் விதி. 9 வாட் எல்.இ.டி. விளக்கு எடுக்கும் மின்னோட்டம் 0.04 ஆம்பியர்தான். அந்த இணைப்பில் தோன்றும் வெப்பம் 0.04 × 0.04 × 0.5 = 0.0008 வாட். ஒன்றுமே இல்லை. அடுப்பைச் செருகினால் 8.7 × 8.7 × 0.5 = 38 வாட்! ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் பற்றுக்கோல் பெரும்பாலும் 25 வாட் அளவுதான். அதைவிட அதிக வெப்பம், ஒரு கடலைப் பருப்பு அளவு இடத்தில், மூடிய பிளக்குக்குள்ளே! பத்தாண்டுகளாக விளக்குக்கு நன்றாக உழைத்த பாயிண்ட், அடுப்பு செருகிய ஒரு மாதத்தில் பழுப்பேறி உருகுவதன் இரகசியம் இதுவே.

எனவே அடுப்புக்குத் தனி பவர் பிளக் வேண்டும். மெயின் பெட்டியிலிருந்து அதற்கெனத் தனியாக 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி வரவேண்டும். அந்தச் சுற்றுக்குத் தனி எம்.சி.பி. வேண்டும். சுவிட்ச் பேஸ் கம்பியில் இருக்கவேண்டும். நியூட்ரலில் சுவிட்சை வைத்தால், சுவிட்சை அணைத்த பிறகும் அடுப்பின் சுருள் பேஸோடு தொடர்பில்தான் இருக்கும். சுருள் வெளியே தெரியும் பழைய வகைக் 'கரண்ட் அடுப்பு' என்றால், "அணைத்துவிட்டேனே" என்ற நம்பிக்கையில் துடைக்கப் போனவருக்கு அதிர்ச்சி காத்திருக்கும்.

கணக்குப் பிள்ளை போன்ற ஒரு கருவி

மனிதனைக் காக்கப் பியூஸ் போதாது. எர்த்தும் சில சமயம் போதாது. வேறு என்ன வழி?

பேஸ் கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் போகிறதோ, அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வரவேண்டும். குறைந்தால், குறைந்தது வேறு ஏதோ வழியில் கசிகிறது என்று பொருள். அந்த 'வேறு வழி' ஒரு மனிதனாகவும் இருக்கலாம். போனதையும் வந்ததையும் ஓயாமல் ஒப்பிடும் ஒரு கணக்குப் பிள்ளையை மெயின் பெட்டியில் உட்கார வைத்தால் என்ன? அந்தக் கணக்குப் பிள்ளைதான் ஆர்.சி.சி.பி. எலக்ட்ரீஷியன்கள் பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். நாம் முன்பு பார்த்த அதே டால்சீல், தம் ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக, சில மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்றை 1961இல் உருவாக்கினார்.

அதன் தத்துவம் உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள மின்காந்தத் தூண்டல்தான். ஓர் இரும்பு வளையத்தின் நடுவே பேஸும் நியூட்ரலும் செல்கின்றன. இரண்டிலும் மின்னோட்டம் சமமாகவும் எதிர்த் திசையிலும் இருந்தால், அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். கசிவு ஏற்பட்டால் புலங்கள் சமப்படா. வளையத்தில் சுற்றிய மூன்றாவது சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். அது விசையை விழச் செய்யும்.

வீட்டுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் கருவி. கசிவு அந்த அளவை எட்டினால் 0.3 விநாடிக்குள் துண்டிக்கும்; கசிவு ஐந்து மடங்கானால் 0.04 விநாடி போதும். சற்று முன் கணக்கிட்ட 115 மில்லி ஆம்பியர் அப்போது இதயத்தைக் குலைக்கும் அளவுக்கு நீடிக்காது. 50 ஓம் எர்த்தில் பாய்ந்த 4.6 ஆம்பியர் என்பது 4600 மில்லி ஆம்பியர் அல்லவா? எம்.சி.பி. கண்டுகொள்ளாத அந்தக் கசிவை இக்கருவி கண் இமைக்கும் நேரத்தில் கண்டுபிடித்துவிடும். நல்ல எர்த் இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே, பழுது ஏற்பட்ட நொடியிலேயே விழும். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, இரட்டைக் காளைகள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டுவிட்டால், கணக்கில் குறைவு தெரியாது, கருவி விழாது. எனவே இது இருக்கிறது என்ற தைரியத்தில் திறந்த கம்பியோடு விளையாடக் கூடாது.

இன்னொன்று. புதிதாகப் பொருத்திய கருவி அடிக்கடி விழுந்தால், "சும்மா சும்மா டிரிப் ஆகிறது" என்று அலுத்துக்கொண்டு அதைத் தாண்டிக் கம்பி போட்டுவிடுவார்கள். அது சும்மா விழவில்லை. சுவருக்குள் ஈரம் இறங்கியிருக்கலாம். அடுப்பின் காப்புறை கெட்டிருக்கலாம். போலி எர்த் எங்காவது ஒளிந்திருக்கலாம். உண்மையைச் சொல்பவனை வீட்டைவிட்டுத் துரத்துவது அறிவுடைமை ஆகாது.

நீங்கள் செய்யக்கூடியவை

மின்பெட்டியையோ பிளக் பாயிண்டையோ நீங்கள் திறக்கக் கூடாது. அது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. ஆனால் கண்ணாலும் கணக்காலும் செய்யக்கூடியவை பல உண்டு.

1. அடுப்பின் அடியில் ஒட்டியுள்ள தகட்டில் எத்தனை வாட் என்று படியுங்கள். 230ஆல் வகுத்து ஆம்பியரைக் கண்டுபிடியுங்கள். எந்தப் பிளக்கில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். மின்கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றுக்கும் இவ்வாறே செய்யுங்கள்.

2. அடுப்பை அரை மணி நேரம் பயன்படுத்தி, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின், உலர்ந்த கையால் பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் தொடர்பு தளர்ந்திருக்கிறது. பழுப்பு நிறமோ கருகிய வாடையோ இருந்தால் அந்தப் பாயிண்டை உடனே மாற்றச் சொல்லுங்கள்.

3. மெயின் பெட்டியில் 'டி' எழுத்தோ 'டெஸ்ட்' என்ற சொல்லோ உள்ள பொத்தான் இருக்கிறதா என்று பெரியவர்களோடு சேர்ந்து பாருங்கள். இருந்தால் அதுவே ஆர்.சி.சி.பி. மாதம் ஒரு முறை அதை அழுத்தவேண்டும். உடனே வீடு இருண்டால் கருவி நலம். இருளாவிட்டால் அது உறங்குகிறது.

4. பழைய வகைப் பியூஸ் கட்டையில் பல இழைத் தாமிரக் கம்பியை முறுக்கி வைத்திருக்கிறார்களா என்று மின்பணியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்த பியூஸ் ஒருபோதும் 'போகாது'. அதற்கு முன் வீடு போய்விடலாம்!

5. மின்பணியாளர் வரும்போது கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. எர்த் கம்பி மெய்யாகவே குழிவரை போகிறதா? அதன் மின்தடை எத்தனை ஓம்? பேஸ் கம்பி சுவிட்ச் வழியாக வருகிறதா? டெஸ்டர் ஒளிர்வதை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். டெஸ்டர் பேஸைக் காட்டும். எர்த் நன்றாக இருக்கிறதா என்று காட்டாது. எர்த்தின் மின்தடையை அளக்கத் தனிக் கருவி உண்டு.

6. கம்பிகளின் நிறங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் ஓடுபவை: சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அடுப்போடு வரும் நெகிழ் கம்பியில்: பழுப்பு பேஸ், இளநீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடிட்டது எர்த். பச்சைக் கம்பியை 'தேவையில்லை' என்று யாராவது வெட்ட வந்தால், ஏன் தேவை என்பதைச் சொல்ல இப்போது உங்களுக்குத் தெரியும்.

யாருக்காவது அதிர்ச்சி ஏற்பட்டுவிட்டால், பதற்றத்தில் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள்; நீங்களும் அந்தச் சுற்றில் சேர்ந்துவிடுவீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது முடியாதபோது மட்டும், உலர்ந்த பலகையின் மேல் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். மூச்சு இல்லையென்றால் மார்பை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்கி, 108க்குச் சொல்லுங்கள். பள்ளியில் இம்முதலுதவியைக் கற்பித்தால் தவறாமல் சேருங்கள்.

இவ்வளவு படித்தீர்கள். இனி ஒரு வேலை. இரண்டாம் நிலையத்தின் 210 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஓடினால், 2000 வாட் அடுப்புகள் எத்தனையை ஒரே நேரத்தில் எரியச் செய்யும் என்று கணக்கிடுங்கள். ஒரு லட்சத்து ஐயாயிரம் என்று விடை வரும். அந்த ஒரு லட்சத்து ஐயாயிரத்தில் ஒன்று உங்கள் வீட்டு அடுப்பு. அதன் முன்னால் தினந்தோறும் நிற்பவர் உங்கள் அம்மா. இன்று மாலை அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுப்பைத் தொட்டால் எப்போதாவது சுறுசுறு என்கிறதா?" ஆம் என்றால், அந்த அடுப்பின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மின்பணியாளர் வந்து பார்த்துச் சரிசெய்யும்வரை அது செருகப்படக் கூடாது.